இயர் பிளக் அணிந்தும் காதில் இரைச்சல்

நுரை இயர் பிளக் அணிந்தும் ஷிப்ட் முடிந்தபின் காது இரைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளக்கை மாற்றுவதற்கு முன் அதைச் செருகும் முறையை மாற்றுங்கள். பெரும்பாலும் அது காதுத் துளையின் வாயிலேயே நின்றுவிடுகிறது.

சுத்தமான விரல்களால் (எண்ணெய்க் கையோடு உருட்டுபவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்) மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தபடி உள்ளே விட்டு, நுரை விரியும்வரை சுமார் 30 விநாடி விரலால் பிடித்திருங்கள்.

பிறகு ஓடும் எந்திரத்திலிருந்து விலகி நின்று, இரு காதுகளையும் உள்ளங்கைகளால் மூடிப் பாருங்கள். சத்தம் தெளிவாகக் குறைந்தால் பிளக் சரியாக அமரவில்லை என்று பொருள்.

பிளக் சரியாக அமர்ந்தும் ஷிப்ட்டுக்குப் பின் காது இரைவது தொடர்ந்தால் தாமதிக்காமல் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.