குழந்தையின் கட்டிக்கு எண் எதற்கு?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேத்திக்கு மூன்று வயது. வயிறு உப்பலாக இருக்கிறதென்று ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காட்டினோம்; வில்ம்ஸ் கட்டி என்றார்கள். பைலில் ‘சி64.9, 8960/3’ என்று எழுதியிருக்கிறது. அவள் தாத்தாவுக்கு வந்தபோது ‘வாய்ப் புற்றுநோய்’ என்று புரியும்படி சொன்னார்களே, பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி? 3 என்றால் மூன்றாம் கட்டமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை அம்மா, அந்த 3 கட்டத்தைக் குறிப்பதில்லை. சி64.9 என்பது கட்டி இருக்கும் இடம், சிறுநீரகம். 8960 என்பது செல்லின் வகை, அதாவது வில்ம்ஸ். சாய்கோட்டுக்குப் பின்னால் 0 இருந்தால் சாதாரணக் கட்டி, 1 என்றால் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாதது, 2 தோன்றிய படலத்தைத் தாண்டாதது, 3 புற்று. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தனியாக எழுதுவார்கள். அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு வரும் புற்றில் பெரும்பாலானவை வாய், குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளின் மேல்படலத்தில் தொடங்குபவை. அதனால் இடத்தைச் சொன்னாலே நோயும் ஓரளவு தெரிந்துவிடும். குழந்தைகளிடம் அந்தக் கணக்கு செல்லாது. கருவில் முதிர்ந்திருக்க வேண்டிய செல் முதிராமலே பெருகி உண்டாகும் கட்டிகள் அவர்களிடம் அதிகம். முதிராத நரம்புச் செல்லில் உண்டாகும் நியூரோபிளாஸ்டோமாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பிள்ளைக்குச் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் வரும், இன்னொன்றுக்கு நெஞ்சில், வேறொன்றுக்குக் கழுத்தில். இடம் பார்த்துப் பிரித்தால் ஒரே நோய் மூன்று பெட்டியில் சிதறிப்போகும். குழந்தைப் புற்றே அரிது. அதையும் சிதறவிட்டால் எந்த மருந்து கேட்டது, எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று எப்படி ஒப்பிடுவது?

அதனால்தான் செல்லை முதன்மையாக வைத்துத் தனி வகைப்பாடு. 1987-இல் ஒரு வடிவம், 1996-இல் சர்வதேச வடிவம், 2005-இல் மூன்றாம் பதிப்பு. மொத்தம் 12 குழுக்கள்: ரத்தப் புற்று 1, லிம்போமா எனும் நிணநீர்ப் புற்று 2, மூளை–தண்டுவடம் 3, நியூரோபிளாஸ்டோமா 4, கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா 5, சிறுநீரகம் 6, கல்லீரல் 7, எலும்பு 8, தசை முதலிய மென்திசு 9, முட்டையாகவோ விந்தாகவோ ஆக வேண்டிய கருச்செல்லின் கட்டி 10. மேல்படலத்தில் தொடங்கி பெரியவர்களிடம் மலிந்த கார்சினோமாவுக்கு இங்கே கிடைப்பது 11-ஆம் குழு மட்டுமே. மிச்சம் 12. மண்டையோட்டுக்குள் இருக்கும் கட்டியானால் 0, 1 என்று முடிபவையும் கணக்கில் சேரும். சாதாரணக் கட்டியானாலும் அங்கே உயிருக்கு ஆபத்து.

கேள்வி: ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் வேலை. ‘ஸ்மால் ரவுண்ட் செல் டியூமர்’ என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால் எந்தக் குழுவில் சேர்ப்பது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஊகித்துச் சேர்க்காதீர்கள். நுண்ணோக்கியில் சின்னச் சின்ன நீல உருண்டைகளாகத் தெரிபவை நியூரோபிளாஸ்டோமா, எலும்பிலோ மென்திசுவிலோ வரும் ஈவிங், தசைக் கட்டியான ராப்டோமயோசர்கோமா, லிம்போமா என எதுவாகவும் இருக்கலாம். செல்லில் எந்தப் புரதம் இருக்கிறதென்று காட்டும் இம்யூனோ சாயம் போட்டால்தான் பிரியும்: டெஸ்மின், மயோஜெனின் என்ற புரதங்களுக்குச் சாயம் பிடித்தால் தசைக் கட்டி, சிடி99 என்ற புரதத்துக்குச் செல்லின் படலம் முழுக்கப் பிடித்தால் ஈவிங் பக்கம் சாயும், ஆனால் சில லிம்போமாவிலும் அது பிடிக்கும். பதிவை மூடாமல் வைத்து, சதைத்துண்டைப் பதித்த மெழுகு பிளாக் எந்த லேபுக்குப் போனதென்று குறித்துக்கொண்டு, அந்த முடிவு வந்ததும் திருத்துங்கள். பல பதிவுகள் கெடுவது இந்த இடத்தில்தான். இரண்டாவது ரிப்போர்ட் வரும், முதல் எண் அப்படியே கிடக்கும்.

சாயம் பிடிக்காமல் போவதற்குச் சதைத்துண்டை அனுப்பிய விதமும் காரணமாகலாம். சதையைக் கெடாமல் காக்கும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்ட் ஃபார்மலின், துண்டைப்போல் பத்து மடங்கு வேண்டும். சின்னப் பாட்டிலில் திணித்தாலோ சலைனில் போட்டாலோ செல் அழுகிவிடும்.

இடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஈவிங் 9260/3 எலும்பில் என்றால் 8-ஆம் குழு, மென்திசுவில் என்றால் 9. செல் கடைசிவரை தெரியாவிட்டால் மூளை, சிறுநீரகம், கல்லீரல், எலும்புக் கட்டிகள் அந்தந்தக் குழுவின் ‘வகை தெரியாதவை’ பிரிவுக்குப் போகும். அட்ரினல் கட்டி 12-க்குப் போய்விடும். 12 பெருத்தால் பதிவேட்டின் தரம் குறைகிறது என்று பொருள்.

கேள்வி: இரண்டு கண்ணிலும் ரெட்டினோபிளாஸ்டோமா. பயாப்சி எடுக்கவில்லை. நோயை உறுதிசெய்ததாகுமா? கணக்கில் இரண்டா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: ஒன்றுதான். இந்தக் கண்ணில் ஊசி குத்தினால் புற்று வெளியே பரவக்கூடும். அதனால் மயக்கம் கொடுத்துக் கண்ணைப் பார்ப்பதும் ஸ்கேனுமே போதுமானவை. பதிவில் ‘மருத்துவப் பரிசோதனை வழி’ என்று வரும், அது குறையல்ல. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கருவிழியின் நடு வெள்ளையாகத் தெரியும் எந்தப் பிள்ளையையும் அந்த வாரமே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.