ஸ்டென்ட் வச்ச அப்பாவுக்கு கருப்பட்டி காப்பி குடுக்கலாமா?

தக்கலையில இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 61 வயசு, போன வருஷம் ஸ்டென்ட் வச்சாச்சு, மாத்திரை போட்டும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) இறங்க மாட்டேங்கு, ஆனா நாளைக்கு நாலு அஞ்சு கருப்பட்டி காப்பி இல்லாம முடியாது. வாட்ஸ்அப்ல ஒரு நாள் காப்பி ஹார்ட்டுக்கு நல்லதுன்னு வருது, மறுநாள் கெடுதல்னு வருது, இதெல்லாம் கம்பெனிக்காரன் காசு குடுத்து எழுத வைக்கதா, நிறுத்தணுமா வேண்டாமான்னு.

அடியோட நிறுத்த வேண்டாம். போடுத விதத்த மாத்துங்க.

நம்ம பக்கம் என்ன பண்ணுதோம், கருப்பட்டிய தட்டி தண்ணியில போட்டு, தூளையும் அதுலயே போட்டு பொங்க பொங்க கொதிக்க விட்டு, மண்டி அடியில இருந்ததும் தெளிவ மட்டும் ஊத்தி குடிக்கோம். நார்வேலயும் அந்தக் காலத்துல ஏறக்குறைய இப்படி கொதிக்க வச்சு தான் குடிச்சாங்க (கருப்பட்டி மட்டும் கிடையாது, பாவம்). அங்க ட்ரோம்ஸோங்கிற ஊர்ல பண்ணுன ஆய்வு 1983ல வந்துச்சு, காப்பி கூட குடிக்கவங்களுக்கு கொலஸ்ட்ராலும் கூட இருக்குன்னு. பிறகு தான் தெரிஞ்சுது காரணம் காஃபின் இல்ல, காப்பிக்கொட்டையில உள்ள எண்ணெயில இருக்க கஃபெஸ்டால், காவியோல்னு ரெண்டு பொருள். கொதிக்க வச்சா அது அப்படியே டம்ளருக்கு வந்துரும், பேப்பர் ஃபில்டர்ல வடிச்சா அனேகமா எல்லாம் பேப்பர்லயே நின்னுரும், துணியிலயும் பெரும்பகுதி நிக்கும். நம்ம சில்வர் ஃபில்டர் ஓட்டை வழியா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இன்ஸ்டன்ட்ல ரொம்ப கம்மி.

அதனால அப்பாவுக்கு போடுறத கெட்டியான வெள்ளைத் துணியில, இல்ல பேப்பர்ல வடிச்சு குடுங்க, துணிய அப்பப்ப சுடுதண்ணியில அலசணும் இல்லன்னா எண்ணெய் ஏறி காறல் வாடை வரும். ரெண்டு மாசம் கழிச்சு லிப்பிட் டெஸ்ட் (ரத்தத்துல கொழுப்பு எவ்வளவுன்னு பாக்குறது) எடுத்துப் பாருங்க. மாத்திரைய நிறுத்திட்டு மட்டும் இத பரிட்சை பண்ணாதீங்க. கருப்பட்டியும் சர்க்கரை தான், சுகர் இருந்தா அதுவும் கணக்கு தான், "இயற்கை"ன்னு ரத்தத்துக்கு தெரியாது.

எவ்வளவுன்னா, ஆரோக்கியமான பெரியவங்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரைக்கும் பிரச்சனை இல்லன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல சொல்லியிருக்கு. உங்க அப்பா அந்த கணக்குல வரமாட்டாரு, நான் ரெண்டு மூணு சின்ன டம்ளரோட நிறுத்தச் சொல்லுவேன், அதும் மத்தியானத்துக்கு முன்னாடி. அமெரிக்காவுல 100 பேர வச்சு பண்ணி 2023ல வந்த ஆய்வுல, காப்பி குடிச்ச நாள்ல இதயத்தோட மேலறையில இடையில வார கூடுதல் துடிப்பு பெருசா கூடல, ஆனா கீழறையில அது கொஞ்சம் கூடுச்சு, தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல குறைஞ்சுது. ஹார்ட் பேஷண்டுக்கு தூக்கம் சின்ன விஷயம் இல்ல.

இனி கம்பெனி விஷயம். ஐரோப்பாவுல பெரிய காப்பி கம்பெனிங்க சேந்து காப்பி அறிவியல் தகவல்னே ஒரு நிறுவனத்த 1990ல ஆரம்பிச்சு, அவங்களே காசும் போட்டு நடத்துதாங்க. அங்க வாரது பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா எத முன்னாடி வைக்கணும் எத பின்னாடி வைக்கணும்னு அவங்களுக்கு நல்லா தெரியும். பாதி வேலைய ஃபார்வர்டு பண்ணுத நம்மளே செஞ்சு குடுக்கோம். 2025ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தோட மேலறை தாறுமாறா துடிக்க கோளாறு) ஷாக் குடுத்து சரி பண்ணுன 200 பேர்ல, காப்பிய தொடர்ந்தவங்களுக்கு 47 சதவீதமும் விட்டவங்களுக்கு 64 சதவீதமும் திரும்ப வந்துச்சு. நல்ல சேதி தான். ஆனா அதுல கேட்டது நாளைக்கு ஒரு கப்பாவது குடிங்கன்னு, அஞ்சு டம்ளர் கொதிக்க வச்ச காப்பி இல்ல, அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சவங்களுக்கான ஆய்வும் இல்ல. தலைப்புல "காப்பி இதயத்தைக் காக்கும்"னு போட்டா இதெல்லாம் எங்க தெரியும். எந்த நோயாளி, எந்த மாதிரி காப்பி, காசு யாரு குடுத்தா, இந்த மூணையும் பாத்துட்டு நம்புங்க.

காப்பி குடிச்ச பிறகு அப்பாவுக்கு படபடப்போ கிறக்கமோ வந்தா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம டாக்டர்ட்ட காட்டி ஒரு இசிஜி எடுங்க, நெஞ்சுவலின்னா உடனே ஆஸ்பத்திரி.