−8 எப்படி −3-ஐவிடச் சிறியது?

கேள்வி: "எட்டு மூன்றைவிடப் பெரியதாயிற்றே, −8 மட்டும் −3-ஐவிட எப்படிச் சிறியதாகும்?" என்று ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்கிறாள். குறை எண்ணைக் கழித்தால் கூட்டலாவதும் அவளுக்குப் புரியவில்லை. எப்படி விளக்குவது?
– வாசகி, குடியாத்தம்.

பதில்: பாலாற்றங்கரையில் படிக்கட்டுள்ள ஒரு விவசாயக் கிணற்றை அவளுக்குக் காட்டி, தரைமட்டத்தைப் பூச்சியமாகவும், கீழே இறங்கும் படிகளை −1, −2 எனக் குறை முழுக்களாகவும் எண்ணச் சொல்லுங்கள். எட்டாம் படி தரையிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது உண்மைதான். ஆனால் பெரியது எது என்பதைத் தீர்மானிப்பது தொலைவன்று, உயரமே. மழைக்குப் பின் நீர்மட்டம் −8-இலிருந்து −3-க்கு வந்தால், தண்ணீர் ஐந்து படி ஏறிவிட்டது என்றுதானே மகிழ்கிறோம்? எண்கோட்டைப் படுக்கையாக வரையாமல் இப்படி நிறுத்தி வரைந்தால் குழந்தைகளுக்கு விரைவில் பிடிபடும் என்பது என் கருத்து.

கழித்தலுக்குக் கடன் கணக்கே ஏற்றது, கி.பி. 628-இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தரும் மிகையைச் செல்வமாகவும் குறையைக் கடனாகவும் கொண்டே விதிகளை வகுத்தார். மளிகைக் கடையில் 50 ரூபாய் பாக்கியிருக்க, கடைக்காரர் அதில் 20 ரூபாயைத் தள்ளுபடி செய்தால் மீதிக் கடன் முப்பதுதான்: −50 − (−20) = −30. "இரண்டு கழித்தல் சேர்ந்தால் கூட்டல்" என்று மட்டும் மனப்பாடம் செய்விக்காதீர்கள். பிறகு −3 − 5-க்கும் 8 என்றே விடை எழுதிவிடுவாள்.