பம்ப் ஹவுஸ் பேனலில் சிம் மோடம் பொருத்தலாமா?

கேள்வி: எங்கள் குடிநீர் நிலையத்துக்கு பிஎல்சி (பம்புகளைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பேனல் அமைத்துத் தந்த நிறுவனம், கோளாறு ஏற்பட்டால் கோவையிலிருந்தே சரிசெய்ய வசதியாக அதில் சிம் மோடம் பொருத்தச் சொல்கிறது. அனுமதிக்கலாமா?
– நிலைய மேற்பார்வையாளர், அம்பத்தூர்

பதில்: பொருத்தலாம், ஆனால் அது எந்நேரமும் இணைப்பில் இருக்கக் கூடாது. மோடத்துக்குத் தனி சுவிட்ச் வைத்து, பழுது பார்க்கும்போது மட்டும் உங்கள் ஷிஃப்ட் ஆபரேட்டரே அதை ஆன் செய்து, வேலை முடிந்ததும் அணைத்து, இரண்டு நேரங்களையும் லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். இணைப்பைத் திறக்கும் அதிகாரம் கோவையில் இருக்கக் கூடாது என்பதே இதில் முக்கியம்.

பொது ஐபி முகவரி (இணையத்தில் எவரும் நேரடியாக எட்டக்கூடிய முகவரி) கொண்ட சிம் வேண்டவே வேண்டாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்விப்பா நகரக் குடிநீர் வாரியத்தின் நீரழுத்த நிலையம் ஒன்றில் பிஎல்சி தாக்கப்பட்டது. இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்ததும், தயாரிப்பாளர் வைத்த 1111 என்ற கடவுச்சொல் மாற்றப்படாததுமான அதே வகைக் கருவிகள் குறிவைக்கப்படுவதாக அந்நாட்டு அரசு அப்போது எச்சரித்தது. ஊழியர்கள் உடனே மேனுவலுக்கு மாறியதால் அங்கே குடிநீருக்குப் பாதிப்பில்லை. உங்கள் ஆபரேட்டர்களால், குறிப்பாக இரவு ஷிஃப்டில் இருப்பவர்களால், திரையைப் பார்க்காமல் பம்புகளை இயக்க முடியுமா என்பதை மாதம் ஒருமுறையாவது இயக்கிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஆபத்து வெளிநாட்டிலிருந்துதான் வரும் என்பதில்லை. 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சியில், கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரே மடிக்கணினியும் ரேடியோவும் கொண்டு கழிவுநீர் நிலையங்களைக் குலைத்ததில், சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் நீர்நிலைகளிலும் பாய்ந்தது. எனவே அந்நிறுவனத்தின் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுத்து, வேலையை விட்டவருடையதை அன்றே நீக்குங்கள்.

பிஎல்சியின் முகப்பில் சாவி இருந்தால், நிரலை வெளியிலிருந்து மாற்ற முடியாதபடி அதை 'ரன்' நிலையில் வைத்துச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நிரலின் நகல் ஒன்று இணைப்பில்லாத பென்டிரைவில் இருக்கட்டும். குளோரின் மருந்தை அளந்து செலுத்தும் டோசிங் பம்பில் ஸ்ட்ரோக் திருகு (ஒவ்வொரு தள்ளலிலும் போகும் அளவைக் குறிக்கும் திருகு) இருந்தால், தேவையான உச்ச அளவோடு அதைக் கையால் நிறுத்திவிடுங்கள்; பிறகு திரையில் எவர் எந்த எண்ணைப் போட்டாலும் அதற்கு மேல் மருந்து போகாது. மென்பொருளால் தரமுடியாத பாதுகாப்பு இது.

சந்தேகத்துக்குரிய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் காக்கவும் அது கட்டளையிடுகிறது. இந்த நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுத அந்த நிறுவனம் மறுத்தால், செலவு கூடினாலும் ஆளை நேரில் வரவழைத்தே பழுது பாருங்கள்.