குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறவருக்கு: எதை முன்னால் முடிப்பது, எதைப் பின்னால்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது: கோயம்புத்தூரில் ஐடி வேலையில் இருக்கிறீர்கள். சாங்கி பிசினஸ் பார்க்கில் மாதம் 8,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) வேலை வந்திருக்கிறது. மனைவி ஆசிரியை, மகள் மூன்றாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. நால்வரும் ஒன்றாகவே கிளம்பிவிடலாமா, மனைவி இங்கே வேலை பார்க்க முடியுமா, இந்தச் சம்பளம் போதுமா?

ஒன்றாகக் கிளம்ப வேண்டாம். நீங்கள் இரண்டு மாதமாவது முன்னால் வாருங்கள். மகளின் பள்ளி முடிவாகட்டும், அதை வைத்து வீடு பாருங்கள், வீட்டுச் சாவி கைக்கு வந்தபின் மற்ற மூவருக்கும் டிக்கெட் போடுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் ஒரே வருடத்தில் இரண்டு முறை வீடு மாறுகிறார்கள்.

முதலில் காகிதம். உங்களுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், குடும்பத்துக்கு டிபென்டன்ட்ஸ் பாஸ். எல்லோரும் ஈபி, டிபி என்றே சொல்வார்கள். டிபி வாங்க உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். ‘நிலையான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும் மட்டுமே கணக்கு. போனஸ், ஓவர்டைம், கமிஷன் சேராது. 8,000 என்று சொல்லிவிட்டு அதில் 2,500ஐ மாறும் ஊக்கத்தொகையாக எழுதியிருந்தால் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டுத் தெளிவாக்குங்கள். பெற்றோரையும் நீண்டகாலம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வரம்பு 12,000 வெள்ளி, ஆகவே இப்போதைக்கு அவர்கள் சுற்றுலாவாகத்தான் வந்து போக முடியும்.

டிபிக்கு விண்ணப்பிப்பது நிறுவனம்தான். தாமதம் வருவது நம் ஊர்க் காகிதங்களால். கோயில் ரசீதும் பத்திரிகையும் போதாது, பதிவாளர் அலுவலகத்தின் திருமணச் சான்றிதழ் வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையில் பதிந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டோம், பலருடைய சான்றிதழில் பிள்ளையின் பெயர் இடம் காலியாகவே இருக்கும். அடுத்த சிக்கல் இனிஷியல். சான்றிதழில் ‘ஆர்.’, பாஸ்போர்ட்டில் அதே எழுத்தின் முழு விரிவு, மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் என்று இருந்தால் கேள்வி வரும். மாநகராட்சியில் திருத்தம் வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இந்த வேலையை இன்றே தொடங்குங்கள்.

தடுப்பூசி அட்டையும் இதோடு சேர்ந்தது. வெளிநாட்டில் பிறந்த 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் ஊசி போட்ட சான்று இல்லாமல் டிபி கிடையாது. 2019 முதல் இந்த விதி இருக்கிறது. நம் ஊரில் தட்டம்மை ஊசியை ஒன்பதாம் மாதமே தொடங்கிவிடுவோம். இங்கே அட்டவணை 12ஆம் மாதத்தில் தொடங்குகிறது. அதனால் முதல் ஊசி கணக்கில் வராமல் போகலாம். குழந்தை மருத்துவரிடம் போய், எந்தத் தேதியில் எந்த ஊசி என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி முத்திரையோடு வாங்குங்கள். விடுபட்ட ஊசி இருந்தால் அங்கேயே போட்டுவிடுங்கள்.

இப்போது பள்ளி. இங்கே அரசுப் பள்ளிகளில் படிப்பு ஜனவரியில் தொடங்கும். வகுப்பைப் பிறந்த ஆண்டுதான் தீர்மானிக்கிறது: ஏழு வயது நிறையும் ஆண்டில் தொடக்கநிலை 1, அதாவது ஒன்றாம் வகுப்பு. 2017 நடுவில் பிறந்த பிள்ளை 2026இல் தொடக்கநிலை 3 வயதுக்குரியது. உங்கள் மகள் நேராகப் போய்ச் சேர முடியாது. ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு உண்டு, ஆங்கிலமும் கணிதமும். ஆண்டின் பிற்பகுதியில் எழுதினால் அடுத்த ஜனவரியில் இடம். தேர்ச்சி பெற்றாலும் பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. காலியிடத்தையும் நீங்கள் கொடுத்த முகவரியையும் பார்த்துக் கல்வி அமைச்சு ஒதுக்கும். ஒதுக்கிய பள்ளி வேண்டாமென்றால் வேறு தருவதில்லை என்று எண்ணிக்கொண்டே எழுதுங்கள். ஆங்கிலத்தைவிட கணிதத்தில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இங்கே மூன்றாம் வகுப்பிலேயே படம் வரைந்து தீர்க்கும் சொற்கணக்குகள் வரும், வாய்ப்பாடு மனப்பாடம் உதவாது. சிங்கப்பூர்ப் பாடப் பயிற்சிநூல்களை வாங்கி மூன்று மாதமாவது பழக்குங்கள்.

ஆசியான் நாடுகளைச் சேராத வெளிநாட்டுப் பிள்ளைக்கு அரசுத் தொடக்கப்பள்ளிக் கட்டணமே மாதம் எண்ணூறு வெள்ளிக்கு மேல். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் தேர்வுச் சிக்கல் குறைவு, சிபிஎஸ்இ பிள்ளை அப்படியே தொடரலாம், ஆனால் மாதம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும், பள்ளிப் பேருந்து தனி. அரசுப் பள்ளியில் இன்னொரு பெரிய வரம்: தமிழைத் தாய்மொழிப் பாடமாக முறையாகப் படிக்கலாம். ஏஇஐஎஸ் எழுதும் வரை ஒரு வருடம் இந்தியப் பள்ளி, பிறகு மாறிக்கொள்ளலாம் என்று சிலர் திட்டமிடுவார்கள். இரண்டு பள்ளிக்கும் சேர்க்கைக் கட்டணம், சீருடை, பிள்ளைக்கு இரண்டு முறை நண்பர்களை இழக்கும் வேதனை. என் கருத்தில், தேர்வு முடிந்து இடம் உறுதியாகும் வரை மகள் கோயம்புத்தூரிலேயே படிப்பது நல்லது. தேர்வுக்கு மட்டும் அழைத்து வாருங்கள். மகன் தொடக்கநிலை 1 வயதை எட்டும்போது அரசுப் பள்ளிச் சேர்க்கையில் வெளிநாட்டவருக்கான கடைசிச் சுற்றுக்கு முன்கூட்டியே இணையத்தில் விருப்பம் பதிய வேண்டும்; அந்தத் தேதியைத் தவறவிட்டால் அவனும் தேர்வு எழுதியே நுழைய வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வருவோம். பணம் அதிகம் போவதும் ஏமாறுவதும் இங்கேதான்.

வந்ததும் தங்க, வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘ஒரு மாதத்துக்கு அறை’ விளம்பரத்தை எடுக்காதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்ற அரசு அமைப்பின் அடுக்குமாடி வீட்டுக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் ஆறு மாதம், தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். அதற்குக் குறைவானது சட்ட விரோதம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஹோட்டல் அல்லது உரிமம் பெற்ற சர்வீஸ் அப்பார்ட்மென்ட் எடுங்கள். நிறுவனத்திடம் இதைக் கேட்டுப் பெறலாம்.

அறைக் கணக்கு நம் ஊர்போல் இல்லை. இங்கே வரவேற்பறையையும் சேர்த்து எண்ணுவார்கள். மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டு, நாலறை என்றால் மூன்று. உங்கள் அலுவலகத்துக்குத் தெம்பனிஸ், சீமெய், பிடோக், பாசிர் ரிஸ் வசதி. அந்தப் பக்கம் நாலறை வீவக வீடு 3,000 வெள்ளிக்கு மேல்தான் பேசுவார்கள், ரயில் நிலையத்தை ஒட்டியிருந்தால் இன்னும் கூடும். குளோபல் இந்தியன் பள்ளியின் பொங்கோல் வளாகம் என்று முடிவானால் செங்காங், பொங்கோலில் பாருங்கள்; அப்போது தினமும் நீண்ட பயணம் உங்களுக்கு, பிள்ளைக்கு இல்லை. அதுவே சரியான பங்கீடு.

வீடு பிடித்ததும் முன்பணம் கொடுக்கத் துடிக்காதீர்கள். மூன்றைச் சரிபாருங்கள். முகவரின் பெயரும் கைபேசி எண்ணும் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா? உண்மையான முகவரின் பெயரில் வேறு எண்ணிலிருந்து பேசி முன்பணம் வாங்கி மறைவது வழக்கமான மோசடி. உரிமையாளர் குடிமகனா? நிரந்தரவாசி தன் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட அனுமதியில்லை. மூன்றாவது, அந்த பிளாக்கில் வெளிநாட்டவர் வரம்பு நிரம்பிவிட்டதா? மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீடு விடுவதில் வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, பிளாக்குக்கு 11 விழுக்காடு வரம்பு உண்டு. நிரம்பியிருந்தால் உரிமையாளர் எத்தனை ஆசைப்பட்டாலும் கழகம் அனுமதி தராது. வீவக இணையத்தளத்தில் இதைப் பார்த்துவிடலாம். உங்கள் பாஸில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருப்பதும் அவசியம்.

நடைமுறை இப்படி: எல்ஓஐ என்ற விருப்பக் கடிதத்தோடு ஒரு மாத வாடகை, பிறகு டிஏ என்ற வாடகை ஒப்பந்தம். வைப்புத்தொகை ஓர் ஆண்டுக்கு ஒரு மாதம் என்பது வழக்கம். 3,200 வெள்ளி வீட்டுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் முதல் மாத வாடகையும் இரண்டு மாத வைப்பும் சேர்ந்து 9,600. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 76,800க்கு 307 வெள்ளி. அதை 14 நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டுவது குடியிருப்பவர். முத்திரையில்லாத ஒப்பந்தம் பின்னால் தகராறு வந்தால் நீதிமன்றத்தில் ஆதாரமாக ஏற்கப்படாது. உங்களுக்கென்று முகவர் வைத்தால் அவர் கட்டணம் தனி. ஒரே முகவர் இரு தரப்பிலும் பணம் வாங்கக் கூடாது. ஆக, வரும்போதே கையில் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் வேண்டும். இந்தத் தொகையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒப்பந்தத்தில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ இல்லாமல் கையெழுத்திடவே கூடாது. வேலை போனாலோ பாஸ் ரத்தானாலோ, 12 மாதம் முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம் என்ற விதி அது. அப்படி வெளியேறினால் உரிமையாளர் தன் முகவருக்குக் கொடுத்த கட்டணத்தில் மீதிக் காலத்துக்கான பங்கை நீங்கள் தர வேண்டும் என்றும் எழுதியிருப்பார்கள், அது வழக்கம்தான். சமையல் பற்றிய வரியையும் தேடுங்கள். ‘லேசான சமையல் மட்டும்’ என்று இருந்தால் தாளிப்பு வாசனையைக் காட்டி வெளியேறும்போது சுவருக்கு வண்ணம் அடிக்கும் செலவைக் கழிப்பார்கள். முதலிலேயே சொல்லி அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு வீடு பாருங்கள். இந்தியர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையாளர்களும் உண்டு. மனம் நோகும், ஆனால் அவர்களோடு வாதாடி நாளை இழக்காதீர்கள். ஏர்கான் சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் செலவு, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். சாவி வாங்கும் நாளிலேயே தரைக் கீறல், குளியலறைக் கறை, மெத்தை எல்லாவற்றையும் படமெடுத்து முகவருக்கு அனுப்புங்கள். வைப்புத்தொகை திரும்ப வருவது பெரும்பாலும் அந்தப் படங்களைப் பொறுத்தது.

மனைவியின் வேலை பற்றி நேராகவே சொல்கிறேன். டிபியில் இருப்பவர் வேலை பார்க்க, 2021 மே முதல், தனக்கென்று ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். ஈபிக்குக் குறைந்தபட்சம் 2025 முதல் 5,600 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும். பல ஆசிரியர் வேலைகளின் சம்பளம் அதை எட்டாது. நடுத்தரத் திறன் ஊழியருக்கான எஸ் பாஸில் சம்பள வரம்பு குறைவு, ஆனால் இத்தனை பேர்தான் என்ற ஒதுக்கீடும், ஆளுக்கு இவ்வளவு என்று அரசுக்குக் கட்டும் தீர்வையும் நிறுவனத்துக்கு உண்டு. பி.எட். இருந்தால் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு இப்போதிருந்தே விண்ணப்பிக்கட்டும். அவர் சம்பளத்தை முதல் ஆண்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே இருக்கும் வேலையை ராஜினாமா செய்யாமல் நீண்ட விடுப்பு எடுக்க முடிந்தால் அது சிறந்தது.

8,000 போதுமா என்றால், வாழப் போதும், மிச்சம் பிடிப்பது கடினம். வாடகை 3,200, மின்சாரம் தண்ணீர் இணையம் 300, மகள் பள்ளி 900, மளிகையும் சாப்பாடும் 1,000, போக்குவரத்தும் கைபேசியும் 350. மகனுக்கு முழுநாள் பாலர் பள்ளி ஆயிரத்தைத் தாண்டும், மானியம் குடிமக்கள் பிள்ளைகளுக்கு மட்டுமே. அம்மா வீட்டில் இருக்கும்வரை அரைநாள் வகுப்பு போதும். வரியை மறக்காதீர்கள்: இங்கே சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பதில்லை, அடுத்த ஆண்டு மொத்தமாகக் கணக்கு வரும். 96,000 வெள்ளிக்குக் கழிவு எதுவும் இல்லாமல் சுமார் 5,200. மாதம் 430 தனியாக எடுத்து வையுங்கள், இல்லையென்றால் வட்டியில்லாமல் 12 தவணையாகக் கட்டலாம். வேலை மாறினாலோ நாடு திரும்பினாலோ வரி தீரும்வரை நிறுவனம் கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும். மத்திய சேம நிதி வெளிநாட்டவருக்குக் கிடையாது. பிஎஃப் நின்றுவிட்டது என்பதை நினைவில் வைத்துச் சேமியுங்கள்.

மருத்துவக் காப்பீடு உங்களுக்கு மட்டுமா, குடும்பத்துக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஈபி ஊழியருக்குக் காப்பீடு தர நிறுவனத்துக்குச் சட்டக் கட்டாயமில்லை, அரசு மருத்துவமனை மானியமும் நமக்கில்லை. பின்னாளில் நிரந்தரவாசம் கேட்கும் எண்ணம் இருந்தால், மகனுக்குத் தேசிய சேவைக் கடமை (கட்டாய ராணுவப் பணி) வரும் என்பதை இப்போதே குடும்பத்தில் பேசிவிடுங்கள்.

ஊரில் முடிக்க வேண்டியவை: சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுவது, சொத்து இருந்தால் பவர் பத்திரம், மகளின் மாற்றுச் சான்றிதழ். வங்கியோடு இணைந்த சிம் கார்டை அணைக்காமல் ரோமிங்கில் வையுங்கள், ஓடிபி வராவிட்டால் எல்லாமே நின்றுவிடும். பருப்பும் அரிசியும் சுமக்க வேண்டாம், தேக்கா சந்தையிலும் முஸ்தஃபா கடையிலும் எல்லாம் கிடைக்கும். கிரைண்டரும் மிக்சியும் கொண்டு வரலாம், மின்னழுத்தம் ஒன்றுதான், பிளக்கை மட்டும் சதுர முள் உள்ளதாக மாற்ற வேண்டும். மருந்துகளை மருந்துச் சீட்டோடு, மூன்று மாத அளவுக்குள் எடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் முன் அனுமதி வேண்டும்.

சிங்கப்பூர் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நால்வருக்கும் தனித்தனியே வருகை அட்டையைக் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நிரப்புங்கள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி.