எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு வெளிநாட்டு மொழியைக் கற்றுக்கொள்ள முடியுமா? பாதியில் விட்டுவிட மாட்டோமா?

தாராளமாக முடியும். நான் ஃபின்னிஷ் படிக்கிறேன். ஃபின்லாந்தில் எனக்குச் சொந்தபந்தம் கிடையாது, அங்கே வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லை. சுமார் 55 லட்சம் பேர் வாழும் ஒரு நாட்டின் மொழியை மதுரையில் உட்கார்ந்து படித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எனக்கு அந்த மொழி பிடித்திருக்கிறது. அது போதுமான காரணம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சிந்துவெளி எழுத்துக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழி என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அஸ்கோ பர்போலா ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துக்காரர். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டில் அவருக்கு விருது கொடுத்துக் கொண்டாடினோம். அங்கிருந்து ஒருவர் நம் பக்கம் வந்தால் பெருமைப்படுகிறோம். இங்கிருந்து ஒருவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் மட்டும் ஏன் இத்தனை கேள்வி?

மொழி கற்க வலுவான காரணம் வேண்டும் என்பார்கள். விசா, வேலை, கல்யாணம் இப்படி ஏதாவது. இருந்தால் நல்லதுதான். ஆனால் விசா கிடைக்கவில்லை என்றதும் ஜெர்மன் புத்தகம் பரணுக்குப் போனதை அக்கம்பக்கத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். மொழி பிடித்துப் படிப்பவருக்கு அப்படிக் கை நழுவிப் போக எதுவும் இல்லை. அவருக்குத் தேவை, தினமும் அந்த மொழிக்குள் போய்வர ஓர் இடம்.

எனக்கு அது செய்தி. ஃபின்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான யூலே, வார நாட்களில் எளிய ஃபின்னிஷில் சுருக்கமான செய்தி தருகிறது. நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். வாசிப்பதை இணையதளத்தில் எழுத்தாகவும் போட்டுவிடுவார்கள். தேர்தல், வேலைநிறுத்தம் எல்லாம் வரும், கடைசியில் வானிலை. நான் முதன்முதலில் முழுசாகப் புரிந்துகொண்டது அந்த வானிலையைத்தான். தெற்கே மழை, வடக்கே பனி, வடகோடி லாப்லாந்தில் உறைநிலைக்குக் கீழே இத்தனை டிகிரி. அதே பத்து இருபது சொற்கள்தான் மாறி மாறி வரும். ஃபின்னிஷில் 15 வேற்றுமைகள் என்று இலக்கணப் புத்தகம் பயமுறுத்துகிறது. அவற்றில் இடம் காட்டும் உருபுகள் எல்லாம் எந்த அட்டவணையும் இல்லாமல் இந்த வானிலை வழியாகவே என் காதில் ஏறிவிட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே யூலே 1989 முதல் 2019 வரை வாராவாரம் லத்தீனில் செய்தி வாசித்தது. இன்று யாருக்கும் தாய்மொழியாக இல்லாத மொழியில் 30 வருடம்! அதைக் கேட்க நாடு நாடாக ஆட்கள் இருந்தார்கள். சம்பந்தமே இல்லாத மொழி எதற்கு என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

அப்புறம், தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழியில் கிடைக்கும் சந்தோஷம் தனி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லித்தரும் நிறுவனம் ஃபின்னிஷையும் தமிழையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது: ஏறக்குறைய 44 வாரம், 1,100 மணி நேர வகுப்பு. அது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு. ஃபின்னிஷ் எஸ்டோனியனுக்கும் ஹங்கேரியனுக்கும் உறவு, நமக்கு இல்லை. ஆனாலும் சொல்லோடு உருபை ஒட்டிக்கொண்டே போகும் பழக்கம் இரண்டு மொழிக்கும் உண்டு. 'தலொ' வீடு, 'தலொஸ்ஸ' வீட்டில், 'தலொஸ்த' வீட்டிலிருந்து, 'தலொஸ்ஸகின்' வீட்டிலும், 'தலொஸ்ஸகொ' வீட்டிலா? கடைசி இரண்டையும் பார்த்தபோது உம்மும் ஆவும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது.

ஒலியும் அப்படித்தான். 'துலி' நெருப்பு, 'தூலி' காற்று, 'துல்லி' சுங்கம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கப் படாதபாடு படுவார்கள். படு, பாடு, பாட்டு என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒரு வேலையே இல்லை. புத்தகத்தில் 'மினா ஒலென்' என்று இருப்பது தெருவில் 'மா ஓன்' என்று சுருங்கும்போதும் நாம் அசர வேண்டியதில்லை. வருகிறேன் என்று எழுதி வர்றேன் என்று பேசுகிறவர்கள்தானே நாம்.

கஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. 'லுஎன் கிர்யா' என்றால் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். 'லுஎன் கிர்யன்' என்றால் அதைப் படித்து முடித்துவிடுவேன். வினையில் ஒரு மாற்றமும் இல்லை. வேலை நடக்கிறதா, முடியுமா என்பதைப் புத்தகம் என்ற சொல்லின் வேற்றுமையே காட்டிவிடுகிறது. நாம் வினையில் வைப்பதை அவர்கள் பெயரில் வைத்திருக்கிறார்கள். இதை யோசித்துக்கொண்டே பஸ்ஸில் போவதில் எனக்கு இருக்கும் இன்பத்தை யாரிடம் விளக்குவது என்று தெரியவில்லை!

பேச ஆள் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். செய்தி வாசிப்பவரோடு சேர்ந்து சத்தம் போட்டு வாசியுங்கள், நாக்கு பழகிவிடும். மொழி சொல்லித்தரும் செயலியான டுவோலிங்கோவில் 2020இல் ஃபின்னிஷ் வந்தது. தொடங்குவதற்குச் சரி, சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒன்று மட்டும் வேண்டாம்: படிப்பதற்கு நியாயம் கற்பிக்க 'ஒருநாள் அங்கே குடியேறுவேன்' என்று உங்களிடமே பொய்க் காரணம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அந்தப் பொய் கலையும் நாளில் மொழியும் சேர்ந்து போய்விடும்.

எந்த மொழி என்று நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை. எதுவானாலும் முதலில் அதில் எளிய செய்தி இருக்கிறதா என்று தேடுங்கள். ஜப்பானிய மொழி என்றால் என்எச்கேயின் எளிய செய்திப் பக்கம், ஜெர்மன் என்றால் டாய்ச்ச வெல்லேயின் மெதுவாக வாசிக்கும் செய்தி, பிரெஞ்சு என்றால் ஆர்எஃப்ஐயின் எளிய பிரெஞ்சுச் செய்தி, ஸ்வீடிஷ் என்றால் 'ஓட்ட சீதோர்' என்ற எளிய நடை செய்தித்தாள். கேட்பதோடு எழுத்து வடிவமும் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் எழுத்தைப் பார்க்காமல் ஒரு முறை, பார்த்துக்கொண்டு ஒரு முறை கேட்டால் போதும்.