ஜாவாஸ்கிரிப்டில் ஐடி வைத்துப் பொருட்களைத் தேட ஆப்ஜெக்ட் நல்லதா, மேப் நல்லதா?

மேப்தான். இரண்டுமே ஒவ்வொரு கீக்கும் (தேட உதவும் அடையாளத்துக்கும்) ஒரு மதிப்பைச் சேர்த்து வைப்பவை. ஆப்ஜெக்டில் 42, 7 என்ற வரிசையில் ஐடிகளைப் போட்டாலும், லூப்பில் 7 முதலில் வரும். முழு எண் கீகளை அது ஏறுவரிசையில்தான் தரும். சர்வர் விலைப்படி அடுக்கி அனுப்பிய வரிசை அங்கேயே கலைந்துவிடும். மேப் போட்ட வரிசையைக் காப்பாற்றும்.

ஆனால் மேப்பில் 7 என்ற எண்ணும் '7' என்ற ஸ்ட்ரிங்கும் வெவ்வேறு கீகள். யுஆர்எல்லிலிருந்து வரும் ஐடி எப்போதும் ஸ்ட்ரிங்தான். எண்ணாகப் போட்டதை அப்படித் தேடினால் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு எதுவும் இல்லை) கிடைக்கும். எரர் எதுவும் வராது, அதனால் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. போடும்போதும் தேடும்போதும் ஐடியை ஸ்ட்ரிங்காக மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, மேப்பை நேராக ஜேசன் (தரவை அனுப்பும் உரை வடிவம்) ஆக்கினால் வெறும் {} தான் போகும். ஆப்ஜெக்டாக மாற்றினால் மறுபடி வரிசை கலையும். மதிப்புகளை அரேயாக்கி (வரிசைப் பட்டியலாக்கி) அனுப்புங்கள். இருபது முப்பது பொருள்தான் என்றால் அரேயில் 'ஃபைண்ட்' போதும்.